இருபத்தைந்து நிமிட வெயில்

முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்த சொர்ணத்தாய், ஓய்வு கொடுத்த மறுவாரமே, மேல்பாறை எஸ்டேட்டில் மூன்றாம் நம்பர் பாடி என்ற தொழிலாளர் குடியிருப்பின் பதினோராம் வீட்டைப் பூட்டிச் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு சாக்குமூட்டையுமாக வால்பாறையில் காலை பஸ் ஏறி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கினாள். அது ஆனி மாதம். மலையில் பதினெட்டு நாளாக மழை விடவில்லை. முப்பதாம் வளைவில் ஸ்வெட்டரைக் கழற்றினாள், இருபதாம் வளைவில் தலையில் கட்டிய மப்ளரை அவிழ்த்தாள், ஒன்பதாம் வளைவில் கம்பளிச் சால்வையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள், ஒவ்வொரு வளைவுக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி வர அவளுடைய முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கண்டக்டர் மட்டும் பின்கண்ணாடி வழியாக ஒன்றைக் கவனித்தார். எப்போதும் ஒன்பதாம் வளைவோடு திரும்பிவிடும் மலைமூட்டம் அன்றைக்குத் திரும்பாமல், செக்போஸ்டையும் தாண்டி, ஆழியாறு அணைத் தண்ணீருக்கு மேலாக பஸ்ஸின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. பொள்ளாச்சியில் டீ குடிக்கும்போது டிரைவரிடம் அதைச் சொன்னார். கிளட்ச் வழுக்குகிறது, அந்தக் கவலையே போதும் என்றார் டிரைவர்.

சொர்ணத்தாய்க்கு வேண்டியது வெயில் ஒன்றுதான். இருபது வயதில் கல்யாணமாகி மலைக்குப் போனவள். உப்பு ஜாடிக்குள் தண்ணீராகிவிடும், தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்க வேண்டும், துவைத்த துணி அடுப்புக்கு மேலே நாலு நாள் தொங்கியும் ஈரம் போகாது, கால்விரல் இடுக்குகள் வைகாசியில் வெந்துபோனால் ஐப்பசியில்தான் ஆறும். புருஷன் நெஞ்சுச்சளியிலேயே போய்ச்சேர்ந்தான். பிள்ளையில்லை. ஒரு தைப்பூசத்துக்குப் பாடிக்காரர்கள் வேன் பிடித்துச் சிவன்மலைக்குப் போனபோது, காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் வழியாக அவள் கொப்பரைக் களங்களைப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் உடைத்த தேங்காய்கள் வெள்ளைவெளேரென்று மல்லாந்து கிடந்தன, அவற்றின் நடுவே பெண்கள் வெறுங்காலோடு நடந்து போனார்கள். உலகத்தில் இவ்வளவு காய்ந்த ஓர் இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றே முடிவு செய்துவிட்டாள், வேலை முடிந்த மறுவாரம் இங்கேதான்.

காங்கேயத்தை அடுத்த நொச்சிக்காட்டுவலசில் சென்னியப்பனின் கொப்பரைக் களத்தை ஒட்டி எட்டு லைன் வீடுகள் இருந்தன. கடைசி வீடு காலியாக இருந்தது. பக்கத்து வீட்டில் துளசிமணி, முப்பத்திரண்டு வயது, களத்தில் தேங்காய் உடைப்பவள், புருஷன் எண்ணெய் லாரியில் குஜராத் வரைக்கும் போய்வருகிறவன், வீட்டில் இருக்கும் நாளில் கை நீட்டுகிறவன். பெட்டியை உள்ளே வைத்ததும் வைக்காததுமாக சொர்ணத்தாய் களத்து ஓரத்துக்குப் போய்ச் சேலையை முழங்கால்வரை வழித்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்து துளசிமணி அரிவாளைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நெழலுக்கு வாங்க. மண்டை காஞ்சு போயிரும்."

"காயட்டும் தாயி. அதுக்குத்தானே வந்தது."

துளசிமணி சிரித்துக்கொண்டே ஒரு கொப்பரைத் துண்டை உடைத்துக் கொடுத்தாள். சூடாக இருந்தது. சொர்ணத்தாய் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். முட்டிகளுக்குள் இருந்த வலி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்து போவதுபோல இருந்தது.

அந்தச் சுகம் இருபத்தைந்து நிமிடம் நீடித்தது. அதற்குப் பிறகு மேற்கே காற்றாலைகளின் இறக்கைகள் ஒவ்வொன்றாக வெள்ளையில் மறைய, பஸ் வந்த ரோட்டின் வழியாகவே, பஸ் நின்ற நிறுத்தத்தில் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு வலது பக்கம் திரும்பி, மலைமூட்டம் களத்துக்குள் வந்தது. ஈரத் தேயிலை வாசனையோடு வந்தது. நாற்பது பெண்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொப்பரையைக் குவித்து மூடி முடிப்பதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. லைன் வீடுகள் எட்டு, களம் முழுவதும், பின்னால் இரண்டு சோளக்காடு, பக்கத்துத் தோட்டக்காரர் நாச்சிமுத்துவின் வறண்ட கிணறு. அவ்வளவு இடத்துக்கு மட்டும் மலையில் என்ன பெய்ததோ அதுவே பெய்தது. அதற்கு அந்தப்பக்கம் ஆனிக்காற்று புழுதியை அள்ளி வீச, வெயில் வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டோரம் நின்றால் இடது தோள் நனையும், வலது தோள் சுடும்.

சொர்ணத்தாய் அதைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. எழுந்து வீட்டுக்குள் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தாள்.

மறுநாள் மலையிலிருந்து மரியபுஷ்பம் போன் செய்தாள், பத்தாம் வீட்டுக்காரி. "நீ போனதுல இருந்து ஒன் வாசல்ல மட்டும் வெயில் அடிக்குதுடி. பாடி முழுக்க மழை, ஒன் வாசல்ல பளீர்னு. எல்லாரும் அங்கதான் துணி காயப்போடுறோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது ஒன்கூட வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"நான் கூப்பிடல" என்றாள் சொர்ணத்தாய்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. முதல் வாரம் வேர்க்குரு பிடித்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டாரத்துத் தாய்மார்கள் வந்து லைன் வாசலில் உட்கார்ந்து போனார்கள். இரண்டாம் வாரம் ரேஷன் கடைக்காரர் தராசையும் பதிவு மெஷினையும் கொண்டுவந்து அங்கேயே போட்டுக்கொண்டார், வரிசையில் நிற்கிறவர்கள் சண்டை போடுவதில்லை என்று சொன்னார். ரோட்டில் மோர் விற்றவர் இஞ்சி டீக்கு மாறினார். திருப்பூரிலிருந்து ஒருவர் மொபெட்டில் ஸ்வெட்டர் கட்டிக்கொண்டு வந்தார். மின்கணக்கு எடுக்க வந்தவர் எட்டு வீட்டிலும் ஃபேன் ஓடவில்லை என்பதை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் போனார். சுவரில் பாசி ஏறியது, வாசலில் பெயர் தெரியாத சிவப்புக் காளான் முளைத்தது, ஒரு காலையில் துளசிமணி தன் கணுக்காலில் எதையோ பார்த்துவிட்டு அசையாமல் நிற்க, சொர்ணத்தாய் வந்து ஒரு சிட்டிகை உப்பை வைத்து அதைச் சுருட்டி எறிந்தாள். அட்டை என்றாள். காங்கேயம் பக்கத்தில் அட்டையைப் பார்த்த முதல் ஆள் துளசிமணிதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எந்த வீட்டு மூட்டம் என்று மட்டும் கேட்டார்கள், கடைசி வீட்டு அக்காவுடையது என்று பதில் சொல்லப்பட்டது, அது போதுமானதாக இருந்தது.

கேட்ட ஒரே ஆள் அங்கமுத்து. தாலுகா ஆபீஸ் மழைமானியில் தினமும் காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து எழுதுகிறவர். இருபத்தாறு வருஷமாக ஆனி மாதத்துக்கெல்லாம் பூஜ்யம் போட்டே பழகிய கை. அவர் ஓர் உதிரி மழைமானியை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சொர்ணத்தாயின் வாசலில் வைத்தார். மறுநாள் காலை அதில் அறுபத்திரண்டு மில்லிமீட்டர் இருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆபீஸ் மானியில் ஒரு செத்த எறும்பு இருந்தது. இரண்டையும் எழுதி மேலே அனுப்பினார். எழுத்துப்பிழை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அனுப்பினார்.

"மேக்காலருந்து வர்ற மேகம் மலை ஏறித்தானுங்க ஆகணும்" என்று அவர் சொர்ணத்தாய் கொடுத்த கட்டன்டீயை வாங்கிக்கொண்டு சொன்னார். "ஏற ஏறக் குளுந்து, வெச்சிருக்கறதையெல்லாம் உங்க மலையிலயே கொட்டீட்டு, இந்தப் பக்கம் எறங்கறப்ப வெறும் காத்தா எறங்குது. நாங்க மலைக்கு மறைவுல இருக்கறவங்க. எங்களுக்கு வர்றது காலிச் சாக்குங்க. இதுதான் இத்தன காலமும்."

"இப்ப ஏன் இப்படி?"

"வானிலைன்னா இன்னிக்கு, நாளைக்கு. வரும், போயிரும். காலநிலைங்கறது வேறங்க. ஒரு எடத்தோட பழக்கம் அது. முப்பது வருசம் எழுதிச் சராசரி போட்டாத்தான் பழக்கம்னு ஒத்துக்குவாங்க."

"நான் முப்பத்தெட்டு வருஷம் அங்க இருந்தேன்."

"அதானுங்க" என்றார் அங்கமுத்து. "உங்களுக்குப் பழகிருச்சு. இல்ல, அதுக்கு உங்களப் பழகிருச்சு."

"இத எறக்கி வைக்க முடியாதா?"

அவர் டீயை ஆற்றினார். "இங்க ஒரு முப்பது வருசம் இருந்தீங்கன்னா மாறும்."

"எனக்கு அம்பத்தெட்டு."

அங்கமுத்து அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு சொர்ணத்தாயால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. விடிந்ததும் எழுந்து கிழக்கே நடப்பாள், சோளக்காட்டு வரப்பில் கொஞ்சம் வெயில் கிடைக்கும், உட்காருவாள், மூட்டம் வரும், எழுந்து வடக்கே நடப்பாள், கோயில் மண்டபத்தில் உட்காருவாள், மூட்டம் வரும். ஒரு வாரம் பக்கத்து ஊர்ச் சத்திரத்தில் தங்கிப் பார்த்தாள். சத்திரத்துக்காரர் ஏழாம் நாள் சுவரெல்லாம் ஊறிவிட்டதென்று கும்பிட்டு அனுப்பிவைத்தார். அவள் போனதும் வலசில் வெயில் அடித்ததையும் அவள் திரும்பியதும் அது நின்றுபோனதையும் எல்லாரும் பார்த்தார்கள். அவளுக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவளுக்கு வேண்டியதை மற்றவர்களிடமிருந்து பறித்துக்கொண்டு, அவளுக்கு வேண்டாததை அவர்கள் வாசலில் கொட்டுகிறவளாக அவள் ஆகிப்போனாள்.

ஏனென்றால் களம் அழுகிக்கொண்டிருந்தது. கொப்பரைக்கு ஆறு நாள் முழு வெயில் வேண்டும். தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த தேங்காய்கள் முதலில் வழுவழுப்பாகி, பிறகு பச்சையாகி, பிறகு கறுத்தன. எண்ணெய் ஆலையில் முகர்ந்து பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். சென்னியப்பன் கோபக்காரர் இல்லை. லைன் வாசலில் வந்து நின்று, "உங்களச் சொல்லி என்னம்மா பண்றது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து தேங்காய் லோடு வரவில்லை. நாற்பது பெண்களும் காலையில் அரிவாளோடு வந்து, மூடிய களத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனார்கள். துளசிமணி சொர்ணத்தாயிடம் முன்புபோலவே பேசினாள், சட்னி கொடுத்தாள், ஆனால் வாசல்படியைத் தாண்டி உள்ளே வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அதே நாட்களில் நாச்சிமுத்துவின் கிணற்றில் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு தண்ணீர் வந்தது. அவர் ஏணி இறங்கிப் போய்க் காலை நனைத்துவிட்டு மேலே வந்து களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தார். ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டு வெறும் புகையைப் பார்த்த மனிதர். அவரைப்போல ஊரில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் கூடி, மூட்டத்தைக் கிணற்றிலிருந்து வறண்டு கிடந்த ஊர் ஏரிக்கு நகர்த்துவது என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் சுலபமாக நிறைவேறியது. ஏரிக்கரையில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன வீடு பத்தே நாளில் எழும்பியது. சொர்ணத்தாய்க்குப் பொன்னாடை போர்த்தினார்கள். டிரங்குப் பெட்டியை நாலு பேர் மரியாதையாகத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள்.

"இங்க உங்களுக்கு ஒரு கொறையும் இருக்காதுங்க" என்றார் நாச்சிமுத்து. "சோறு, துணி, வைத்தியம் எல்லாம் ஊரு பாத்துக்கும். நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"எனக்கு வெயில் வேணும்" என்றாள் சொர்ணத்தாய்.

அவர் அதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டு, தலையைக் குனிந்துகொண்டார். "இந்த ஏரி ரொம்பட்டுமுங்க" என்றார்.

அன்றிலிருந்து இரண்டு பெண்கள் முறைவைத்து அவளுடைய வீட்டு வாசலில் பாசிப்பயறு உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கண்டக்டர்களுக்குச் சொல்லிவைக்கப்பட்டது. அவள் கரையில் நடந்தால் அவர்களும் பின்னால் நடந்தார்கள். யாரும் அவளைத் தொடவில்லை, யாரும் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடியும் பாதி போனது. அவளுடைய கால்விரல் இடுக்குகள் மறுபடி வெந்தன. ஏரியின் நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் தெரிந்தது, பிறகு ஒரு களம் அளவுக்கு, பிறகு கொக்குகள் வந்தன. கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவள் நடந்த நடையில் ஒரு தடமே விழுந்துவிட்டது.

ஏரிக்கும் களத்துக்கும் அரை கிலோமீட்டர்தான். காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது சாரல் களம்வரைக்கும் வந்தது. வெயில் இருக்கிறதே என்று நம்பிப் பரப்பிய இரண்டு லோடும் வீணாகப் போனது. மூன்றாவது லோடு வீணான அன்றைக்கு மத்தியானம் துளசிமணி கரைக்கு வந்தாள். பயறு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவளை உள்ளே விட்டார்கள், அவர்களுக்கும் களத்தில் தங்கைமார் இருந்தார்கள்.

அவள் கதவோரமே நின்றாள்.

"அக்கா, நீங்க போயிருங்க்கா" என்றாள்.

சொர்ணத்தாய் பாயை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நீங்க வந்தன்னிக்கு எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. பேசறதுக்கு ஒரு ஆள் இல்லாம இருந்தேன். நானே வந்து இதச் சொல்றேன் பாருங்க."

"வேற யார் சொன்னாலும் கோவம் வந்திருக்கும்" என்றாள் சொர்ணத்தாய். "எங்க போறது? போற எடத்துக்கெல்லாம் வருதே."

"ஒடனேவா வருது?"

சொர்ணத்தாய் பாயைக் கீழே வைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சொர்ணத்தாய் மனதுக்குள் ஒவ்வொரு இடமாக எண்ணிப் பார்த்தாள், களத்து ஓரம், வரப்பு, மண்டபம், சத்திரத்துத் திண்ணை, ஒருமுறை பென்ஷன் விஷயமாகக் காங்கேயம் தபாலாபீஸுக்குப் போய் வரிசையில் நின்றது. எல்லா இடத்திலும் அவள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வந்தது. ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையில் இருக்கும் நேரம்.

"இருபத்தஞ்சு நிமிஷம்" என்றாள் சொர்ணத்தாய். "அது வர்றதுக்குள்ள அடுத்த பஸ்ஸைப் பிடிச்சா?"

மறுநாள் காலை எட்டு நாற்பது டவுன் பஸ் வலசு நிறுத்தத்தை நெருங்கியபோது களத்துப் பெண்கள் நாற்பது பேரும் ரோட்டின் குறுக்கே நின்றார்கள். பெண்கள் டிக்கெட் எடுக்க வேண்டாத பஸ் அது. சொர்ணத்தாய் சாக்குமூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினாள், டிரங்குப் பெட்டி துளசிமணியிடம் இருந்தது. கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நாற்பது பேரையும் பார்த்து, விசிலை ஊதினார். கரையிலிருந்து நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பஸ் நின்றது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"ஏரி பாதிதானுங்க ரொம்பியிருக்கு."

"தெரியுதுங்க" என்றாள் சொர்ணத்தாய்.

அவர் ஏரிப்பக்கம் ஒருதடவை திரும்பிப் பார்த்தார். கம்பியிலிருந்து கையை எடுத்தார். பஸ் கிளம்பியது. இருபத்தைந்து நிமிடம் கழித்து மூட்டம் ஏரிக்கரை வீட்டைவிட்டு எழுந்து, ரோட்டுக்கு வந்து, கிழக்கே திரும்பிப் போவதை ஊரே நின்று பார்த்தது. யார் சந்தோஷப்பட்டார்கள், யார் வருத்தப்பட்டார்கள் என்று பிரிக்க முடியவில்லை. களத்துக்குப் போன பெண்களின் வீட்டிலேயே கிணறு வைத்திருந்த மாமனார்கள் இருந்தார்கள்.

அப்படித்தான் சொர்ணத்தாயின் பயணம் தொடங்கியது. வெள்ளகோவிலில் இறங்குவாள், பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் காலை நீட்டி இருபது நிமிடம் வெயில் காய்வாள், மேற்கே ரோடு வெளுக்கத் தொடங்கும்போது எழுந்து மூலனூர் பஸ்ஸில் ஏறுவாள். மூலனூரில் இருபது நிமிடம். தாராபுரத்தில் இருபது நிமிடம். கன்னிவாடி, சின்னதாராபுரம், மறுபடி மூலனூர். அவளுக்கு முன்னால் எப்போதும் வெயில் இருந்தது, அவளுக்குப் பின்னால் எப்போதும் மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்கு மறைவாகவே கிடந்து பழகிய அந்தச் செம்மண் ஊர்களில், மலை ஏறாமலேயே மேகம் வந்து, நிறுத்தத்துக்கு இருபது நிமிடம் நின்று, நிறுத்தத்துக்கு இருபது நிமிடம் பெய்துவிட்டுப் போனது. ஒரு மாதத்தில் எல்லாருக்கும் நேரம் மனப்பாடமாகிவிட்டது. பதினொன்றே காலுக்கு அக்கா, பதினொன்று நாற்பதுக்கு மழை. பெண்கள் அதற்குத் தகுந்தாற்போல வற்றலை எடுத்தார்கள், குடத்தை வைத்தார்கள். அங்கமுத்து ஒரு வழித்தடப் படம் போட்டு நிறுத்தம் நிறுத்தமாக மில்லிமீட்டரை எழுதி மேலே அனுப்பினார், இந்தமுறை அது திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. கண்டக்டர்கள் முன்பக்க ஜன்னலோர இருக்கையில் ஒரு துண்டைப் போட்டுவைத்தார்கள். கடைசி பஸ் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரில் ஒரு வீடு அவளுக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தது, அந்த வீட்டுக் காட்டில் விடியும்வரை பெய்தது. அதற்கு முறை எழுதிக்கொண்டார்கள், முறையில் சண்டையும் வந்தது.

ஆனால் ஒரு ரோட்டில் அவள் போகக் கூடாது. வலசு வழியாக பஸ்ஸில் போனால்கூட அவள் போன தடத்திலேயே மூட்டம் வரும், களத்தின் மேல் வரும். அதனால் காங்கேயத்திலிருந்து வெள்ளகோவிலுக்கு அவள் சுற்றுவழியில் போனாள். தூரத்தில், ஆலைப் புகைக்குழாய்களுக்கு அப்பால், வெள்ளையாக ஒரு கோடு தெரியும். களம்தான். இரண்டு நிமிடம் தெரியும். அந்த இரண்டு நிமிடமும் அவள் கழுத்தைத் திருப்பி வைத்திருப்பாள். அவளுக்கு வெயில் கிடைத்தது, ஓரிடத்தில் நிலையாக உட்காரத்தான் கிடைக்கவில்லை. முட்டிகள் காய்ந்தன, முதுகு பஸ் குலுக்கலில் நொந்தது. ஒரே இடத்தில் ஒரு முழுப் பகல் இருப்பது எப்படியிருக்கும் என்று சில நாள் யோசிப்பாள், யோசித்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. மூன்றாம் வருஷம் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, மூலனூர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில், அவளுக்கு முன்னாலேயே துளசிமணி வந்து உட்கார்ந்திருந்தாள். புதுச்சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு தூக்குப்போசி இருந்தது.

சொர்ணத்தாய் பஸ்ஸைவிட்டு இறங்கி, சாக்குமூட்டையைக் கீழே வைத்து, அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் இருவர் மடியிலும் விழுந்தது.

"கறுத்துட்டீங்க அக்கா."

"ஆமா. நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

துளசிமணி தூக்குப்போசியைத் திறந்தாள். கம்மஞ்சோறும் மோரும். சொர்ணத்தாய் சாப்பிட, அவள் பேசிக்கொண்டே இருந்தாள். புருஷன் லாரியை விட்டுவிட்டு ஆலையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டது, களத்தில் இந்த வருஷம் இரண்டு மடங்கு லோடு, நாச்சிமுத்து ஐயா ஏரியில் மீன் விட்டது, முதல் மீனை அவரே சைக்கிளில் கொண்டுவந்து லைன் வீட்டுக்கெல்லாம் கொடுத்தது. சொர்ணத்தாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு துளசிமணி போசி மூடியைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். எட்டு நிமிடம்போலப் போயிருக்கும்.

"நான் அன்னிக்குப் போகச் சொன்னேன்" என்றாள் துளசிமணி. "இத்தன நாளா அது தொண்டையிலயே நிக்குது."

"நீ சொல்லலன்னா நான் இன்னும் அந்தக் கரையிலயே நடந்துக்கிட்டு இருப்பேன்."

"அப்ப கோவம் இல்லீங்களா?"

சொர்ணத்தாய் போசியைக் கழுவித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். "இருந்துச்சு" என்றாள். "தாராபுரம் வர்ற வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் வெயில் அடிச்சுதா, மறந்துட்டேன்."

துளசிமணி சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆனது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கூட வந்து ஒரு நாள் இருங்கன்னு கூப்பிடக்கூட முடியல பாருங்க."

"நீதான் வந்துட்டியே."

அவர்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூட்டுவலி எப்படி, புருஷன் இப்போது அடிக்கிறானா, எந்த ஊர்ச் சோறு நன்றாக இருக்கிறது என்று சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டார்கள். பெஞ்சின் சிமெண்டு நன்றாகச் சுட்டது. எதிர்ப்பக்கப் பழக்கடைக்காரர் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் பெட்டிகளை உள்ளே எடுத்துவைக்கத் தொடங்கினார். சொர்ணத்தாய் வந்த ரோட்டின் கடைசியில் புளியமரங்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. தாராபுரம் பஸ் ரிவர்ஸ் எடுத்து நின்றது. கண்டக்டர் ஜன்னலோரத் துண்டை எடுத்து உதறினார்.

சொர்ணத்தாய் எழுந்தாள். துளசிமணியின் தலையில் ஒரு நொடி கையை வைத்தாள், சாக்குமூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், உட்கார்ந்தாள், பஸ் திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

துளசிமணி ஊருக்குப் போக வேண்டிய பஸ் அரை மணி நேரம் கழித்துத்தான். ஸ்டாண்டில் இருந்தவர்கள் கூரைக்கு அடியில் ஒதுங்கி, இங்க வாம்மா, நனைஞ்சு போவே என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. வாழ்நாளெல்லாம் மழையைக் கண்டால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓடுவதற்கு ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். மூட்டம் ஸ்டாண்டுக்குள் வந்தது. பழக்கடையை மூடியது, டைம்டேபிள் பலகையை மூடியது, பெஞ்சுக்கு வந்து, சுட்டுக்கொண்டிருந்த சிமெண்டைத் தொட்டு ஆவியாக எழுந்தது. அவளுடைய கையை, கழுத்தை, மயிரிழைகளைக் குளிரக் குளிரத் தொட்டது. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பெஞ்சைச் சுற்றி ஒருமுறை வந்தது, தூணுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது, மறுபடி அந்த இடத்துக்கே வந்தது.

துளசிமணிக்கு அதன்மேல் இருந்த பழைய கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா தாராபுரம் பஸ்ஸுல போயிருச்சு. இப்பத்தான். கொஞ்சம் இருந்துட்டு மெதுவாப் போ."